இருமல் இல்லாத சயரோகம்

எங்கள் பெரியாச்சி சாப்பிடாமல் இருந்தே செத்தவள். வீட்டில் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை. "சாமி புள்ள, பாலும் பழமுமா இருந்து போய்ச் சேர்ந்துட்டா" என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் சயரோகம், அதாவது காசநோய் என்பார்கள். ஆச்சிக்கு மூத்தவள் அவள். செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் வாழ்க்கைப்பட்டு, 1952-ல் 31 வயதில் போய்விட்டாள். அப்போது செங்கோட்டையும் புனலூரும் ஒரே ராஜ்யம், திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பரில்தான் செங்கோட்டை இந்தப் பக்கம், சென்னை ராஜ்யத்துக்கு வந்தது.

ஆச்சி ஒரே ஒரு தடவை என்னிடம் வேறு மாதிரி சொன்னாள். "சயரோகம்னா இருமணும்லா? அவ ஒரு நாள் இருமினதில்ல."

நான் அதைக் கேட்டு முப்பது வருடம் சும்மா வைத்திருந்தேன். என் மகள் விழுந்த பிறகுதான் அந்தப் பேச்சு திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் எடைக் கணக்கு எதுவும் இருக்காது. யார் எத்தனை கிலோ இருந்தார்கள், எவ்வளவு குறைந்தார்கள், ஒரு நாளைக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று எழுத மாட்டேன். இது அனோரெக்ஸியா என்ற நோயின் கதை, சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி உடம்பை வாட்டிவிடும் மனநோய். அந்த நோய் உள்ள பிள்ளை இதைப் படித்தால் முதலில் அந்த எண்ணைத்தான் தேடும், தன்னுடையதோடு வைத்துப் பார்க்கும். இது என் மகளே சொன்னது. நான் இதை எழுதுவதற்கு அவள் போட்ட நிபந்தனையும் அதுதான்.

நான் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறேன். சாயந்திரம் கணக்கு முடிக்கும்போது ஒரு ரூபாய் இடித்தாலும் எழுந்திருக்க மாட்டேன். கூட வேலை பார்ப்பவர்கள் "ஒரு ரூவாதான மேடம், கையிலருந்து போட்டுட்டுக் கிளம்பலாம்" என்பார்கள். என்னால் முடியாது. எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்தாக வேண்டும். ஆச்சியும் அப்படித்தான். அரிசிப் பானையில் கோடு கிழித்து வைத்திருப்பாள். அம்மா கேஸை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். "நூலைப் போல சேலை" என்று சிரித்துக்கொண்டோம். அது சிரிக்கிற விஷயம் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

1993-ல் நான் பிளஸ் டூ. டைபாய்டு வந்து மூன்று வாரம் கஞ்சியில் கிடந்தேன். எழுந்தபோது பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. வந்து பார்த்தவர்களில் பாதிப்பேர் "அடடா" என்றார்கள், மீதிப் பேர் "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கா" என்றார்கள். எனக்கு லட்சணம் பெரிதாகப் படவில்லை. பரீட்சை நெருங்கும்போது வயிற்றுக்குள் ஒரு படபடப்பு எப்போதும் இருக்கும், அது அடங்கியிருந்தது. பட்டினி கிடந்தால் ஊரில் எல்லாருக்கும் கோபம் வரும். எனக்கு நிம்மதி வந்தது. காய்ச்சல் போய்விட்டது, நான் கஞ்சியை விடவில்லை. பிறகு கஞ்சியும் பாதியானது.

யாராவது கேட்டால் "வயிறு ஊதுது", "நெஞ்சைக் கரிக்குது" என்பேன். பொய்யில்லை, அப்படித்தான் இருந்தது. குண்டாகிவிடுவோம் என்ற பயம் எனக்கு இருந்ததே இல்லை. அதனால் பின்னாளில் பத்திரிகையில் அனோரெக்ஸியா என்று படித்தபோது, அது மாடலிங் பெண்களின் நோய், எனக்கு வந்தது வேறு என்றே தள்ளிவிட்டேன். 1990-களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் தன்னிடம் வந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குண்டாவதைப் பற்றிய பயம் இல்லை, வயிறு நிரம்பிக் கிடக்கிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள். அது எனக்கு 2021-ல்தான் தெரிந்தது. நம் ஊர்களில் இந்த நோய் கண்ணில் படாமல் போவதற்கு இதுவே ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். வயிற்று வலி என்று வருகிற பெண்ணுக்கு நாம் ஓமத்தண்ணீர்தான் கொடுப்போம்.

என்னைக் காப்பாற்றியது ஆச்சி. அக்காவைப் பறிகொடுத்தவள், அதனால் அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். தட்டில் சோற்றைப் போட்டு எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள். "நீ முடிக்காம நான் எந்திக்க மாட்டேன். எனக்கு மூட்டுவலி, பாத்துக்கோ." அவ்வளவுதான். திட்டவில்லை, கெஞ்சவில்லை. நான் ஒரு மணி நேரம் எடுத்தால் அவளும் ஒரு மணி நேரம். காலையில் உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய், கருப்பட்டி. மத்தியானம் சொதி. சாப்பிட்ட பிறகும் விடமாட்டாள், பூக்கட்ட உட்கார வைத்துக்கொள்வாள். ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. நின்றுபோயிருந்த மாதவிலக்கு திரும்பி வந்தது. எல்லாரும் மறந்துவிட்டார்கள். கல்யாணமாகி நானும் மறந்துவிட்டேன், அல்லது அப்படி வைத்துக்கொண்டேன். கணவரிடம் சொன்னதில்லை. அந்த மறைப்புக்கு என் மகள் விலை கொடுத்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் 2005-ல் பிறந்தவள். நோட்டில் மார்ஜின் இரண்டு நிறத்தில் போடுவாள். ஒரு எழுத்து கோணினால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுவாள். மார்கழியில் கோலம் போட்டால், ஒரு புள்ளி தள்ளிப் போனதற்காக முழுவதையும் கழுவிவிட்டு மறுபடி தொடங்குவாள், பல் கிட்டும் குளிரில். நான் பெருமைப்பட்டேன். என்னைப் போலவே என்று ஆபீசில் சொல்லிக்கொண்டேன்.

2021-ல் அவள் பத்தாம் வகுப்பு. செண்டம் எடுக்க வேண்டும் என்று ஒரு வருடமாக ராத்திரி பகலாகப் படித்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில், கொரோனாவால் எல்லாரும் பாஸ் என்று அறிவித்துவிட்டார்கள். தெருப் பிள்ளைகள் குதித்தன. இவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கடைசியில் வந்த சான்றிதழில் மார்க்கே இல்லை, "தேர்ச்சி" என்ற ஒரு வார்த்தை மட்டும். அவளுக்கு இருந்த ஒரே எண்ணைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டில் இவள் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது வாங்கிய எடை மெஷின் ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. அவள் வேறொரு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டாள்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது, அனுபவப்பட்டவளாக இருந்தும். முதலில் எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினாள், அப்புறம் சர்க்கரை, அப்புறம் சோறு. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஆரோக்கியம் என்றாள், அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே என்றாள். யார் மறுக்க முடியும்? ஆனால் அவள் சமைக்கத் தொடங்கினாள். வீடியோ பார்த்து உன்னியப்பம், அவியல், பால் பாயசம் எல்லாம் செய்வாள், எங்களுக்குப் பரிமாறுவாள், நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். தான் தொடமாட்டாள். அதையும் ஆபீசில் பெருமையாகச் சொன்னேன்!

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-ல் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்த ஆரோக்கியமான இளைஞர்கள் 36 பேரை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார்கள். அந்த ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். சாப்பாட்டைச் சின்னச் சின்னதாக வெட்டி மணிக்கணக்காக உட்கார்ந்து தின்றார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை. எல்லாரும் மனநலம் சோதித்து எடுக்கப்பட்டவர்கள். ஆக, பிள்ளை இட்லியைப் பதினாறாகப் பிட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டினி மூளையைப் பிடித்து ஆட்டுகிறது. மகள் ஏப்ரல் மாதம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தாள், மொட்டை மாடியில் போனைக் காதில் வைத்து நடந்துகொண்டே இருந்தாள், முதுகில் பூனைமயிர் போல மெல்லிய முடி வந்திருந்தது. இவை எல்லாம் பட்டினியின் அடையாளங்கள். எனக்கு அப்போது ஒன்றும் ஒன்றும் சேரவில்லை.

பார்த்த முதல் டாக்டர் ரத்தசோகை என்று டானிக் எழுதினார். இன்னொருவர் ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, வயசுப் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்றார். பரிசோதனை சரியாக வந்தால் பிள்ளை சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, இந்த நோயில் உடம்பு பல சமயம் ரொம்ப நாள் வரை ரத்தத்தைச் சமாளித்துக் காட்டும். மந்திரித்தோம், கழிப்புக் கழித்தோம், ஆரியங்காவு ஐயப்பனிடம் முடிந்துவைத்தோம். அதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதில் ஒரு மாதம் போனது.

ஆகஸ்டில் குளியலறையில் விழுந்தாள். உள்ளூரில் நாடி பிடித்துப் பார்த்த நர்ஸ் இரண்டாவது தடவையும் பிடித்துப் பார்த்தார். நிமிடத்துக்கு நாற்பதுகூட இல்லை. அன்றைக்கே காரில் புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை என்று மலையிறங்கி திருவனந்தபுரம் போனோம். செக்போஸ்டில் கொரோனா கெடுபிடி, இவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள்.

அங்கே நடந்ததில் எல்லாருக்கும் தெரிய வேண்டியது ஒன்று. என் தம்பி மறுநாள் திருநெல்வேலி அல்வாவும் நெய்ச்சோறும் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். சிஸ்டர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவன் கத்தினான், "பட்டினி கிடந்த புள்ளைக்குச் சோறு கொடுக்கக் கூடாதா?" கூடாது, அப்படித் திடீரென்று கூடாது. நாள்பட்டு வாடிய உடம்பில் மாவும் இனிப்பும் ஒரேயடியாக இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்துவிடும். இதயம் நின்றுபோகலாம். முதல் சில நாட்கள் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பாட்டை ஏற்றினார்கள். ரொம்பவும் வாடிய பிள்ளையை வீட்டிலேயே தேற்றிவிடலாம் என்று இறங்காதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் நாடி, படுத்தும் நின்றும் பி.பி., ஈ.சி.ஜி., இந்த உப்புகள் எல்லாம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் பார்க்கிறார்கள்.

நாலாவது நாள் மனநல மருத்துவர் என்னையும் கணவரையும் உட்கார வைத்து ஒரு தாளை எடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். வீட்டில் யார் யாருக்கு என்ன இருந்தது என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். பாதி மலையாளம், பாதி தமிழ். எனக்கு வாய் வரவில்லை. வளர்ப்பு சரியில்லை, வேலைக்குப் போகிற அம்மா, பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று மாமியார் வீட்டில் ஏற்கெனவே பேச்சு. இங்கேயும் அதைத்தான் சொல்லப் போகிறார் என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து, "இது ஆருடெயும் குற்றமல்ல, சேச்சி" என்றார். அப்புறம்தான் சொன்னேன், கணவர் பக்கத்தில் இருக்கும்போதே, 1993-ஐ. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வட்டத்தில் நிழல் விழுந்தது. பெரியாச்சி வட்டத்தில் டாக்டர் கேள்விக்குறி போட்டார், பார்க்காத நோயாளிக்குப் பேர் வைக்கக் கூடாது என்று. சித்தியை நான் ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னேன். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அடுக்களையில் தின்று தீர்ப்பதும், பிறகு கொல்லைக்குப் போவதும் எங்களுக்குத் தெரியும், பேசுவதில்லை. அது புலிமியா வகை, அள்ளித் தின்றுவிட்டு வாந்தியெடுத்து வெளியேற்றுவது.

அம்மா வழி முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர் பேனாவைக் கணவர் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் அவர் அத்தை ஒருத்தி தோல் உரியும் வரை கை கழுவுவாள் என்றார். அவருடைய அப்பாவின் குடி. நிழல்கள் இரண்டு பக்கமும் விழுந்தன. அதற்குப் பிறகு "உங்க வீட்டு வழக்கம்" என்ற பேச்சை அவர் எடுத்ததில்லை.

டாக்டர் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களையும் மற்ற இரட்டையர்களையும் வைத்துப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அனோரெக்ஸியாவில் மரபின் பங்கு பெரும்பாலும் 50-லிருந்து 60 சதவீதம் என்று வருகிறது. இதைக் கேட்டதும் நானும் எல்லாரையும் போல, பாதி ஆச்சி தந்தது பாதி நான் தந்தது என்று பங்கு போட்டேன். அப்படிப் பிரிக்க முடியாது. சொதியின் ருசியில் தேங்காய்ப்பால் எத்தனை சதவீதம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்தக் கணக்கு ஒரு ஆளைப் பற்றியதே இல்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஒருவருக்கு வருகிறது, பக்கத்தில் உள்ளவருக்கு வரவில்லை என்கிற வித்தியாசத்தில் மரபுக்கு எவ்வளவு பங்கு என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்தால் பெண்ணுக்கு வரும் வாய்ப்பு சுமார் 11 மடங்கு என்று ஒரு பெரிய குடும்ப ஆய்வு 2000-ல் வந்தது. எனக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. பிறகு நிதானமாக யோசித்தால், மேலை நாடுகளிலேயே வாழ்நாளில் நூறு பெண்களில் ஒருவருக்கு நெருக்கமாகத்தான் இது வருகிறது. 11 மடங்கு என்றாலும் பெரும்பாலான பெண்களுக்கு வராமல்தான் போகிறது. பெருக்கல் பயமுறுத்தும், எதைப் பெருக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தபால் ஆபீசில் வட்டிக் கணக்கு சொல்லும்போது நான் வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்வது இது, எனக்கே மறந்துவிட்டது.

இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது. 2019 ஜூலையில் 17 நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து, சுமார் 17,000 நோயாளிகளையும் 55,000 சாதாரண ஆட்களையும் ஒப்பிட்டு, எட்டு மரபணு இடங்களைக் குறித்தார்கள். சிந்தியா புலிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். எட்டும் சேர்ந்தாலும் சொற்பப் பங்குதான், இன்னும் எத்தனையோ சின்னச் சின்ன இடங்கள் இருக்கின்றன. அந்த மரபுச் சாயல் ஒரு பக்கம் வீண்கவலை, மனச்சோர்வு, திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் ஓ.சி.டி. ஆகியவற்றோடு ஒத்துப்போகிறது. மறுபக்கம் உடம்பு சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் விதத்தோடும், சும்மா இருக்க முடியாமல் நடமாடும் சுபாவத்தோடும் ஒத்துப்போகிறது. படித்தபோது மொட்டை மாடி ஞாபகம் வந்தது. ஒரு குறை, அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லாம் ஐரோப்பிய வம்சாவளி. செங்கோட்டை ரத்தம் அதில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அதனால் மரபணுச் சோதனை என்று விளம்பரம் பார்த்துப் பணம் அனுப்பிவிடாதீர்கள். இந்த நோய் வருமா வராதா என்று சொல்கிற சோதனை இன்றைக்குக் கிடையாது. ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாள்தான் எங்களிடம் இருக்கும் ஒரே சோதனை.

பிள்ளைகளுக்கு வம்சத்தில் வருவது நோய் இல்லை, சுபாவம். தப்பு நேர்ந்துவிடக் கூடாது என்ற பயம், சட்டமென்றால் சட்டம், ஒரு வேலை முழுசாக முடியாமல் எழுந்திருக்க மாட்டாத பிடிவாதம். அனோரெக்ஸியா வந்த பலரிடம் இந்தக் குணங்கள் நோய்க்கு முன்னால் சின்ன வயதிலேயே இருந்திருக்கின்றன, குணமான பிறகும் கொஞ்சம் மிச்சம் நிற்கின்றன. புலிமியா பக்கம் சுபாவம் கொஞ்சம் வேறு, அங்கே அவசரமும் சட்டென்று செய்துவிடும் வேகமும் கூடுதல். அந்தக் குணத்தோடுதான் பெரியாச்சி ஏகாதசியும் சஷ்டியும் இருந்தாள், நான் ரூபாய் எண்ணுகிறேன். குணம் மட்டும் இருந்தால் நல்ல தபால் ஆபீஸ் கிளார்க் ஆகலாம். அதன் மேல் பட்டினி வந்து விழும்போதுதான் வினை. எனக்கு டைபாய்டு, மகளுக்கு டயட், பெரியாச்சிக்கு ஒருவேளை விரதம். மூன்றுக்கும் உள்ளே நடந்தது ஒன்றே.

இதனால் எங்கள் வீட்டில் மாறியது சொல்கிறேன். எங்கள் வழிப் பிள்ளைகளுக்கு விரதம் கிடையாது. மகனுக்கு இப்போது பதினாறு. போன கார்த்திகையில் மாலை போட்டுக்கொள்ள ஆசைப்பட்டான். ஒருவேளைச் சாப்பாடு என்று இருக்கக் கூடாது, மூன்று வேளையும் சைவமாகச் சாப்பிட்டுவிட்டுப் போ என்று குருசாமியிடம் நானே போய்ப் பேசினேன். ஆண்பிள்ளைக்கு என்ன பயம் என்றார். 1689-ல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கிலேய வைத்தியர் சயரோகத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில், காய்ச்சலும் இருமலும் இல்லாமல் உருகிப்போகும் ஒரு வகையைத் தனியாகக் குறித்தார். நரம்பால் வரும் சயம் என்றார். அதில் அவர் எழுதிய நோயாளிகள் இரண்டு பேர், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, பதினாறு வயதுப் பையன் ஒருவன். குருசாமியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் என்றேன், ஒத்துக்கொண்டார். ஆனால் ஆச்சியின் சந்தேகம் முந்நூறு வருடத்துக்கு முன்பே அச்சில் இருந்தது என்று நான் படித்த அன்று அவள் படத்துக்கு முன்னால் போய்ச் சொன்னேன்.

காய்ச்சல், மஞ்சள்காமாலை, பல்லுக்குக் கம்பி கட்டியது என்று எதில் எடை குறைந்தாலும், குறைந்தது திரும்ப ஏறியதா என்று பார்க்கிறோம். மற்ற வீடுகளில் அது தானாக ஏறும். எங்கள் வீட்டில் ஏற்றியாக வேண்டும். எடை மெஷினை ஆக்கர் கடைக்குப் போட்டாயிற்று. "மெலிஞ்சுட்டியே", "பூசினாப்ல இருக்கியே" இரண்டும் வீட்டில் தடை. விருந்தாளிகளிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவேன். சில பேருக்கு வருத்தம்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது என்னவென்று கேட்டால் சிரிப்பு வரும். லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் 1980-களில் உருவான முறை. என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்று கொஞ்ச காலம் பிள்ளை தீர்மானிக்கக் கூடாது, பெற்றவர்கள் தீர்மானிக்க வேண்டும். தட்டில் அவர்களே போட வேண்டும். முடியும் வரை யாராவது கூட உட்கார வேண்டும். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் தனியாக விடக் கூடாது. திட்டக் கூடாது, பேரம் பேசக் கூடாது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன், கண்ணுக்கு முன்னால் ஆச்சியின் மூட்டுவலி! உடம்பு தேறிய பிறகு பிள்ளைகளிடம் பொறுப்பைப் படிப்படியாகத் திருப்பிக் கொடுப்பதும் அந்த முறையில் உண்டு. ஆச்சிக்கு அது தெரியவில்லை, அதனால்தான் நான் கல்யாணம் வரை அவள் எதிரே உட்கார்ந்தால்தான் சாப்பிடுகிறவளாக இருந்தேன்.

செய்யும்போது அது அழகாக இருக்கவில்லை. முதல் மூன்று மாதம் தோசை சுவரில் ஒட்டியது. "உன்னைப் பாத்தாலே வெறுப்பா இருக்கு" என்றாள். ஒரு நாள் நானும் பதிலுக்குக் கத்தினேன், மறுநாளும் கத்தினேன். பிறகு கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் லீவு போட்டுவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார், ராத்திரிக்கு நான். சாப்பாட்டு நேரத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு. பழைய சீரியல் ஏதாவது ஓடும், இல்லாவிட்டால் சீட்டு. பிள்ளையிடம் நியாயம் பேசி ஜெயிக்க முடியாது, பட்டினியில் இருக்கும் மூளையிடம் நியாயம் வேலை செய்யாது. உடம்பு தேறத் தேறத்தான் பழைய பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்த்தாள். நடுவில் இரண்டு முறை சறுக்கல், ஒன்று பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால். அந்தப் பரீட்சையின் மார்க்கை அவள் அப்பாதான் பார்த்துவிட்டு, பாஸ் என்று மட்டும் சொன்னார். அவள் இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டாள். அது ஒரு வெற்றி.

எடை தேறிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பார்க்கச் சாதாரண எடையில் இருந்துகொண்டே இந்த மாதிரிச் சாப்பாட்டு நோய்களில் மோசமாகக் கிடப்பவர்களும் உண்டு, எங்கள் சித்தி அப்படித்தான். மனநலக் கோளாறுகளிலேயே உயிரிழப்பு அதிகமுள்ளவற்றில் அனோரெக்ஸியா ஒன்று. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். எல்லை ஊர்க்காரர்களுக்கு வசதி.

அந்தக் குணத்தை அவளிடமிருந்து பிடுங்க நாங்கள் முயற்சி செய்யவில்லை. பிடுங்கவும் முடியாது. வேறு வேலை கொடுத்தோம். தையல் படித்தாள். பிளவுஸ் தைத்தால் உள்தையல் வெளித்தையல் போல இருக்கும். கூடவே டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார், வாரம் ஒரு தடவை வேண்டுமென்றே ஒரு தப்பு செய்துவிட்டு அப்படியே விட வேண்டும் என்று. மார்கழியில் வாசலில் ஒரு புள்ளி தள்ளிப்போன கோலம் பத்து மணி வரை அழியாமல் கிடந்தது. நானும் செய்து பார்த்தேன். ஒரு ரூபாய் இடித்ததை அப்படியே எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, காலையில் முதல் ஆளாகப் போய்க் கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது, என்ன செய்வது.

எனக்கு இப்போது உள்ள பயம் வேறு. வளர்ப்பு என்று சொன்னவர்கள் இப்போது ரத்தம் என்கிறார்கள். மரபணு என்ற வார்த்தை குற்றச்சாட்டிலிருந்து என்னை இறக்கிவிட்டது, ஆனால் ஊர்வாயில் அது வம்சக் கோளாறு என்று மாறிவிட ஒரு நிமிடம் போதும். மகளுக்கு இருபது முடிந்துவிட்டது. தென்காசியிலிருந்து ஒரு அத்தை ஜாதகம் கேட்டுவிட்டு, "வீட்ல வேற ஒண்ணும் இல்லல்லா?" என்றாள். சர்க்கரை, பிரஷர் எல்லாம் எல்லா வீட்டு ரத்தத்திலும் ஓடுகிறது, அதைக் கேட்டு யாரும் சம்பந்தத்தை நிறுத்துவதில்லை. நான் என்ன பதில் சொல்வது என்று மகளைப் பார்த்தேன். "படிச்சு முடிக்கட்டும்னு சொல்லு" என்றாள். அப்போதைக்கு அதைச் சொன்னேன். ஆனால் மறைக்கக் கூடாது என்பதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. எவன் வந்தாலும் தாளைக் காட்டிவிட வேண்டும் என்கிறாள். என்னை மாதிரி இருபத்தெட்டு வருடம் வைத்துக்கொண்டிருக்க அவளால் முடியாதாம்.

சித்தியிடமும் பேசினேன். அவளுக்கு அறுபத்தைந்து. முதலில் போனை வைத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டு, "அந்த டாக்டரம்மா வயசானவளையும் பாப்பாளா?" என்று கேட்டாள். இப்போது கொல்லம் ரயிலில் புனலூர் வரை போய் அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்வருகிறாள், கூட என் மகள். தென்மலைப் பக்கம் பதிமூன்று கண் பாலம் தாண்டியதும் இரண்டு பேரும் டிபன் டப்பாவைத் திறக்க வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம். யார் முதலில் மூடியைத் திறப்பது என்பதில் ஒவ்வொரு தடவையும் சண்டை என்று கேள்வி.

போன மாதம் தம்பிக்குப் பெண்குழந்தை பிறந்தது. மகள் ரேஷன் கார்டு உறையிலிருந்து தாளை எடுத்து, தம்பியின் சதுரத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு சின்ன வட்டம் வரைந்தாள். அளவெடுத்த மாதிரி வட்டம். வரைந்துவிட்டு, "இதுக்குள்ள என்னம்மா போட?" என்றாள்.

"ஒண்ணும் போடாத. அது இன்னும் பால்தான குடிக்கி" என்றேன்.

தாளை மடித்து வைத்துவிட்டு, தொட்டில் சேலை வாங்க கடைக்குக் கிளம்பினோம்.